மேடை இல்லாத திறப்பு விழா: புதுச்சேரியில் ஓர் ஓவியக் கண்காட்சியின் முதல் மாலை

நம் ஊர்களில் ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா என்றால் பெரும்பாலும் அது ஒரு கூட்டம்தான். மேடை, மைக், பேனர், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நாலைந்து வாழ்த்துரை, பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. நாற்காலிகளை மேடையைப் பார்த்துப் போடுவார்கள். படங்கள் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் தொங்கும். நன்றியுரை முடிந்ததும் டீ வரும். டீ முடிந்ததும் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். வரைந்தவர் மாலை முழுக்க மேடையில் இருந்ததால், யாராவது படத்தைப் பார்த்தார்களா என்பது அவருக்கே தெரியாது.

கடலூர்க்காரியான நான் ஒரு ஜனவரி மாதம் புதுச்சேரியில் என் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினேன். அதன் முதல் மாலைக்கான ஏற்பாடுகள் எப்படி நடந்தன, எது எதனால் எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வு. ஓவியங்களின் தரம் பற்றி இதில் பேச்சில்லை. அது பார்த்தவர்கள் சொல்ல வேண்டியது. வருகிறவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொண்டு, மற்றதையெல்லாம் அதற்குத் தக்கபடி அமைத்தோம். 'தோம்' என்பது நானும் என் தோழியும், ஏணி பிடித்த அவள் தம்பியும்.

படமும் சுவரும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களையும், அவற்றில் பிழைத்துத் துளிர்த்தவற்றையும் அப்போதிருந்து வரைந்து வருகிறேன். பாதி கரிக்கோல், பாதி நீர்வண்ணம். எல்லாமே பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்த காகிதத்தில். அந்தக் காகிதம் வண்ணத்தை அழகாக வாங்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் அதே ஆசையோடு வாங்கும் என்பதுதான் பிரச்சினை.

இடம், பீச் ரோட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், தெருப்பக்கம் நீளமான கூடம். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். வீட்டுக்காரம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆணி அடிக்கக் கூடாது. அவர் சொல்லாவிட்டாலும் அடித்திருக்க முடியாது. காரையில் ஆணி இறங்கும், ஆனால் நிற்காது. பாரம் ஏறினால் ஒரு கைப்பிடிக் காரையோடு வெளியே வந்துவிடும். டேப் ஒட்டினால் சுண்ணாம்பு பெயரும். போதாததற்கு மழைக்காலம் முடிந்து சில வாரமே ஆகியிருந்ததால் சுவரின் கீழ்ப்பாதி அங்கங்கே பொரிந்து உப்புப் பூத்திருந்தது.

அண்ணாந்து பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. குறுக்கே பெரிய தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், அதற்கு மேல் செங்கல் அடுக்கு. உத்தரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே, இரண்டு சட்டங்களுக்கு இடையில், கயிறு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அதில் கட்டி, இரண்டு நீளச் சுவர்களையும் ஒட்டினாற்போல ஒரு ஜி.ஐ. பைப்பைத் தொங்கவிட்டு, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டோம். படங்கள் அந்தப் பைப்பிலிருந்து தொங்கின.

எதில் தொங்கவிடுவது என்பதில் ஒரு விவாதம் நடந்தது. தங்கூசி நரம்பு, அதாவது மீன் பிடிக்கும் நைலான் இழை, கண்ணுக்குத் தெரியாது என்று தோழி ஆசைப்பட்டாள். கடலூர் முதுநகரில் படகு வைத்திருக்கும் என் மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தங்கூசி இழுபடும்மா. இன்னிக்கு நேரா தொங்கும், நாலு நாள்ல ஒரு பக்கம் எறங்கிடும்." அது உண்மைதான். தொடர்ந்து பாரம் இருந்தால் நைலான் மெல்ல மெல்ல நீளும். ஈரம் பட்டால் இன்னும் நெகிழும். அதனால் பின்னிய மெல்லிய ஸ்டீல் வயர் வாங்கினோம். முடிச்சு மட்டும் மாமாவுடையது.

குறுகிய சுவர்கள் இரண்டிலும் பைப் போட வழியில்லை. இதனால் 34 படங்கள் 21 ஆயின. கழித்தவற்றில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. பழைய வீட்டில் கண்காட்சி வைப்பவர்கள் படத்தை எண்ணிவிட்டுச் சுவரைத் தேடக் கூடாது, சுவரை அளந்துவிட்டுப் படத்தை எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நெருக்கி மாட்டியிருந்தால் 34-ம் நுழைந்திருக்கும். ஆனால் இரண்டு படத்துக்கு நடுவே ஓர் ஆள் நிற்க இடமில்லாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள், நடந்துகொண்டே பார்ப்பார்கள்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரை இருக்கட்டும் என்பது காலரிகளில் புழங்கும் கணக்கு. நாங்கள் 142 வைத்துக்கொண்டோம். வரப்போகிறவர்களில் என் அத்தைகளும், பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களும் அதிகம். அவர்களை அண்ணாந்து பார்க்க வைக்க மனமில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒவ்வோர் அளவு என்பதால் கணக்கைத் தாளில் எழுதிப் பைப்பிலேயே ஒட்டினோம். 70 செ.மீ. உயர ஃபிரேம், பின்பக்க வளையம் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே என்றால், வளையம் நிற்க வேண்டிய உயரம் 142 + 35 − 10, அதாவது 167 செ.மீ. ஃபிரேமின் பின்னால் வளையத்தை இதைவிடக் கீழே பொருத்தினால் படம் முன்பக்கம் சாய்ந்து தரையைப் பார்க்கும்.

ஃபிரேம் கடை

திருப்பாப்புலியூரில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஃபிரேம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலையில் முக்கால்வாசி சாமி படம். மீதி, மாலை போட வேண்டிய போட்டோக்கள். கை சுத்தம், மூலை வெட்டினால் முடி நுழையாது. ஆனால் எந்தப் படமானாலும் பின்பக்கம் முழுக்க ஃபெவிகால் தடவி ஹார்ட்போர்டில் அழுத்திவிடுவது அவர் வழக்கம். சாமி படத்துக்கு அது சரி. காகித ஓவியத்தை அப்படி ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. ஈரத்தில் விரியவும் காயும்போது சுருங்கவும் காகிதத்துக்கு இடமில்லாமல் போய், அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும்.

"ஏம்மா, பின்னாடி முழுசா ஒட்டலன்னா உள்ள படபடன்னு அடிச்சுக்காதா?"

"கண்ணாடிக்குள்ள காத்து எங்கண்ணே வரும்?"

"சரி, நீ சொல்ற. நாளைக்கு நழுவிச்சுன்னா என் கடைப் பேரைச் சொல்லாத."

மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய நார்க் காகிதத்தை டி வடிவத்தில் வைத்து, கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய பசையால் ஒட்டுவது என்று பேசி முடிவானது. பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடட்டுமா, பூச்சி வராதே என்று கேட்டார். போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பழைய வித்தை அது. ஆனால் மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. செம்பு பட்ட இடத்தில் நாளடைவில் காகிதம் பழுப்பேறி நொறுங்கும். வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டார், சொன்னேன். "அப்ப சாமி படத்துக்கு மட்டும் போட்டுக்கறேன்" என்றார்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா என்பது அடுத்த கேள்வி. 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. அதே தடிமன் அக்ரிலிக்கில் பாதிக்கும் குறைவு. பைப்பில் தொங்கவிடுகிற எனக்கு எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் போடத்தான் ஆசை. ஆனால் அக்ரிலிக்கைத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், நிலைமின் ஏறிக் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். படத்தில் இருக்க வேண்டிய கறுப்பு அக்ரிலிக்கின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே கரிக்கோல் படங்களுக்குக் கண்ணாடி, நீர்வண்ணத்துக்கு அக்ரிலிக். இரண்டிலும் காகிதம் முன்தகட்டைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை. பின்பக்கக் கீழ்மூலைகளில், பழைய ஹவாய் செருப்பை வெட்டி எடுத்த ரப்பர் துண்டுகள். ஈரச் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியை அவைதான் காப்பாற்றின. இதற்கென்றே விற்கும் ஒட்டுப் பொத்தான்களைவிட அவை தடிமன், செலவும் இல்லை.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குட்டி யானையில் கொண்டுபோனோம். படங்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி, நடுவே பழைய போர்வை. கண்ணாடிகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப். உடைந்தாலும் சில்லு படத்தின் மேல் விழாது. வழிநெடுக வேகத்தடை. எதுவும் உடையவில்லை.

வெளிச்சம்

விளக்கு வாடகைக்குக் கொடுத்தவர் பெயர் வேண்டாம். 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெளிச்சம்), சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல் என்று எழுதியே கொடுத்திருந்தோம். வந்து இறங்கியவை 6500 கெல்வின். போட்டதும் கூடம் மருந்துக்கடையாகிவிட்டது. பலாச்சுளை மஞ்சள் எலுமிச்சையாக வெளுத்தது. கரிக்கோல் படங்களில் காகிதத்தின் இளமஞ்சள் காணாமல் போய் எல்லாம் நீலம் பாய்ந்து நின்றது. போன் செய்தால், "வெள்ளை லைட்டுதானே மேடம், பளிச்சுனு இருக்கும்" என்ற பதில். பொருத்தும் கூடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நேரு வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி வார்ம் ஒயிட் பல்பு வாங்கி மாற்றினோம். வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான அளவு. ஆனால் அந்த வெளிச்சத்தில் என் அத்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அளவு வருடக் கணக்கில் தொங்கும் படங்களுக்கானது. நிறம் மங்குவது வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வருகிற கணக்கு. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. எங்கள் கண்காட்சி 10 நாள், தினம் 5 மணி நேரம். 150 லக்ஸ் வைத்தாலும் 7,500-ஐத் தாண்டாது. எனவே 150 வைத்தோம். இருட்டாக வைத்துப் படத்தைக் காப்பாற்றுவதற்கு அதை வீட்டுப் பீரோவிலேயே வைத்திருக்கலாம்.

விளக்கு படத்தின் மேல், செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பல்பின் பிம்பம் பார்ப்பவர் கண்ணில் படாது. விளக்கு இருக்கும் உயரம் மூன்றரை மீட்டர், படத்தின் நடு 1.42 மீட்டர் என்றால், விளக்கைச் சுவரிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இதற்காக இன்னொரு பைப் கட்டினோம்.

முந்தைய நாள் மாலை, திறப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒரு ஒத்திகை பார்த்தோம். இந்த மொத்த ஏற்பாட்டிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். பகலில் எல்லாம் சரியாகத் தெரிந்த கூடத்தில், ஐந்தரை மணிக்கு முற்றத்தின் வானம் எதிர்ச்சுவர்க் கண்ணாடிகளில் அப்படியே வந்து உட்கார்ந்தது. கரிக்கோல் படங்கள் இருக்கும் இடத்தில் முற்றத்துத் துளசி மாடமும், பார்ப்பவரின் முகமும்தான் தெரிந்தன. படம் எவ்வளவு இருட்டோ அவ்வளவு நன்றாகக் கண்ணாடி பிம்பம் காட்டும். ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு சுவர்ப் படங்களையும் இடம் மாற்றினோம்: முற்றத்துக்கு எதிரே வெளிர்நிற நீர்வண்ணம், முற்றத்துக்கு முதுகு காட்டும் சுவரில் கரிக்கோல். கூரை விசிறி போட்டால் ஃபிரேம்கள் ஊஞ்சலாடுவதும் அன்றுதான் தெரிந்தது. விசிறிகளை நிறுத்திவிட்டு, தரையில் நிற்கும் விசிறி இரண்டைத் தாழ்வாரத்தில் வைத்தோம்.

தேதி, அழைப்பிதழ், சித்தப்பா

சனி, ஞாயிறு வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். வார இறுதியில் அந்த வீடு இருக்கும் ஒயிட் டவுனில், அதாவது பழைய பிரெஞ்சுப் பகுதியில், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் பக்கத்துத் தெருக்கள் இன்னும் நெருங்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து மணி என்று வைத்தோம். காலண்டரில் அது முகூர்த்த நாளா என்று பார்த்துக்கொண்டது முக்கியம். தை மாதத்து முகூர்த்தத்தில் மாட்டினால் உறவுக்காரர்களும் கிடைக்க மாட்டார்கள், வேனும் கிடைக்காது, போட்டோ எடுப்பவரும் கிடைக்க மாட்டார்.

அழைப்பிதழில் ஒரே ஒரு பெயர்: எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவர் விளக்கேற்றுவார், முற்றத்தில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை. நாற்காலி, வயதானவர்களுக்காகத் தாழ்வாரத்தில் மட்டும், படங்களைப் பார்த்தபடி. குத்துவிளக்கைக் கூடத்துக்குள் வைக்காமல் வாசலில் வைத்தோம். எண்ணெயும் திரியும் காகிதப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எதிர்பார்த்த இடத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. பண்ருட்டிச் சித்தப்பா அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேரு எங்கம்மா?"

"யார் பேருமே போடல சித்தப்பா."

"வாத்தியார் பேரு இருக்கே."

"அவர் விளக்கு ஏத்துறார்."

"அப்ப நான் என்ன பண்றது?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்த மாலை அவரே அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். தானேயில் தோப்பைப் பறிகொடுத்தவர் அவர். இரண்டாவது படத்துக்கு முன்னால் நின்று, இது ஒட்டு முந்திரி, இது நாட்டு முந்திரி, வேர் போன தினுசைப் பார்த்தாலே தெரியும் என்று பக்கத்தில் நின்றவரிடம் ஆரம்பித்தார். சற்று நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு கும்பல். தெருவில் போன ஒரு பிரெஞ்சுத் தம்பதி உள்ளே வந்து எட்டிப் பார்க்க, ஆசிரியர் மொழிபெயர்த்துச் சொன்னார். மேடை போட்டு அவருக்கு ஒரு வாழ்த்துரை கொடுத்திருந்தால் என்னைப் பற்றிப் பேசியிருப்பார். அங்கே அவர் மரத்தைப் பற்றிப் பேசினார், கேட்டவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். இந்த ஏற்பாடு பலித்ததா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

தின்பண்டத்தை ஆறே முக்கால் வரை கண்ணில் காட்டவில்லை. முதலிலேயே வைத்தால் அதைச் சுற்றிக் கூட்டம் நின்றுவிடும். பிறகும் எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. தொன்னையில் வேர்க்கடலைச் சுண்டல், சுக்குக் காபி, முற்றத்தில் மட்டும். பஜ்ஜி இல்லாத விசேஷமா என்று ஒரு அத்தை கேட்டார். பஜ்ஜி தின்ற விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டுபவர்களை அவர் பார்த்ததில்லை. சுண்டல் முடிந்த பிறகு பலர் செருப்பு மாட்டாமல் மறுபடி கூடத்துக்குள் போனார்கள். அதற்குள் வெளியே இருட்டிவிட்டதால் கண்ணாடிகளில் மிச்சமிருந்த பிம்பமும் போய் கரிக்கோல் படங்கள் தெளிவாகத் தெரிந்தன. அது நாங்கள் திட்டமிட்டதல்ல. அடுத்த தடவை திட்டமிட்டே செய்யலாம்.

விலையும் பொட்டும்

படத்தின் கீழே விலை எழுதவில்லை. எழுதினால் கண் முதலில் அங்கேதான் போகும். அதுவும் சொந்தக்காரர்கள் நிறைந்த சபையில். பெயர்ச்சீட்டில் தலைப்பு, ஆண்டு, ஊடகம் மட்டும், தமிழ் மேலே, பிரெஞ்சும் ஆங்கிலமும் கீழே. சுவரில் ஒட்ட முடியாததால் மிச்சமான மவுண்ட் அட்டையில் எழுதி, ஃபிரேமின் கீழ் நூலில் தொங்கவிட்டோம். விலைப்பட்டியல் வாசல் மேசையில் இருந்தது.

விற்ற படத்துக்குச் சிவப்புப் புள்ளி வைப்பது வழக்கம். அதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. மிஷன் வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. முதல் மாலை நான்கு பொட்டு வைத்தோம். மூன்றாவதை வைக்கும்போது ஒரு பாட்டி, நல்ல காரியம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்றார்.

ரசீதில் ஒரு வரி அச்சடித்திருந்தோம்: படம் வாங்குபவருடையது, காப்புரிமை வரைந்தவருடையது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, படத்தை விற்றதாலேயே காப்புரிமை கைமாறிவிடாது. வாங்கியவர் அதை காலண்டராக அச்சடித்து விற்க முடியாது. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, அசல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் பங்கு பெறும் உரிமையையும் ஓவியருக்குத் தருகிறது. அந்தப் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் போகாது. வாங்கிய ஒருவர் இந்த வரியைப் பார்த்துவிட்டு, "நான் விக்கவே மாட்டேங்க" என்று கோபித்துக்கொண்டார். சமாதானப்படுத்த ஒரு சுக்குக் காபி தேவைப்பட்டது.

விற்காத படங்களைக் கடலூருக்குத் திருப்பிக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டி என்றால் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் சரக்கு பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய பெட்டியோ அவ்வளவு சந்தேகம். ஆகவே ஆணி அடித்த பெட்டி வேண்டாம். கயிறு போட்டுக் கட்டி, அவிழ்த்துக் காட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வண்டியில் போர்வையைத் தூக்கிப் பார்த்த காவலர், சாய்ந்த முந்திரி மரத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எந்த ஊர்த் தோப்பு என்று கேட்டார்.

அடுத்த கண்காட்சி கடலூரிலேயே வைக்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருக்கிறார். இங்கே அதற்கான கூடம் என்று பார்த்தால் கல்யாண மண்டபம்தான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோதான் வாடகை கட்டுப்படியாகும். மார்கழியில் மழை ஈரம் போயிருக்காது, காகிதத்துக்கு ஆகாது. ஆடியில் காற்று அடிக்கும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சிமென்ட் சுவர், ஆணி அடிக்கச் சம்மதம், வாடகையும் பேசியாகிவிட்டது. மேடையைத் துணி போட்டு மறைக்க மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.